சம்பந்திகளின் ஏழாவது பாட்டு

சனிக்கிழமைக்குள் பெயர்களை அனுப்ப வேண்டும் என்று சென்னை இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து கேட்டிருந்தார்கள். ஏழு பாட்டுக்கும் வரி எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார் என்று இசைத்தட்டின் உறையில் அச்சடிக்க வேண்டுமாம். இன்பம் அதைத் திங்கட்கிழமையே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டாள். எழுதுவதற்கு அதில் என்ன இருக்கிறது? வரிகள், குரல்: இன்பம். மெட்டு, கிதார்: ஜெயசீலன். அதையே ஏழு தடவை எழுத வேண்டியதுதான்.

இன்பத்துக்கு அறுபத்து மூன்று வயது. பாகாயத்தில் தனியாக இருக்கிறாள். ஜெயசீலனுக்கு அறுபத்தாறு. மனைவி ஜோதியோடு சத்துவாச்சாரியில் இருக்கிறார். இன்பத்தின் மகளை ஜெயசீலனின் மகன் ஜோவினுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆக இருவரும் சம்பந்திகள். சம்பந்திகள் சேர்ந்தால் சீர்வரிசையைப் பற்றி முணுமுணுப்பார்கள், அல்லது முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். இவர்கள் ராக் பாட்டு போட ஆரம்பித்தார்கள். சிரிக்காதீர்கள். நான் சொல்வது நிஜம்.

ஜெயசீலனுக்குப் பதினெட்டு வயதில் பிடித்த பைத்தியம் அது. மின்சாரக் கிதார் உறும வேண்டும், குரல் கொஞ்சம் கரகரக்க வேண்டும். அந்தக் காலத்து ஒலிதான் ஒலி என்பார். வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை ரிப்பேர் செய்து வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, பெரிய ஸ்பூல் டேப்பில்தான் பாட்டைப் பதிவார். காலடியில் ஒரு மரப்பெட்டி. அதை மிதிப்பதுதான் டிரம். மகனின் புதுவீட்டு ஜெபத்தில் சம்பந்தியம்மா பாடியதைக் கேட்டவர், மறுவாரமே போன் போட்டு, "உங்க குரல்ல ஒரு முரட்டுத்தனம் இருக்குது, அதை கோயில்ல வீணாக்கறீங்க" என்றார். இன்பத்துக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வரிகள் வந்தன.

நான்கு வருடத்தில் ஏழு பாட்டு. ஜோவின் அவற்றை இணையத்தில் ஏற்றினான். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இது எந்த வருஷத்துப் பாட்டு?" போன மாசம் போட்டது என்றால் நம்பவில்லை. அதில் ஜெயசீலனுக்கு ஏகப் பெருமை. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் ஃபினிஷிங் பிரிவில் இருந்தவர் அவர். வெளிநாட்டு ஷூக் கம்பெனிகளுக்காகப் புதுத் தோலுக்கு மெழுகு தேய்த்து, சாயம் ஏற்றி, ஐம்பது வருடம் உழைத்த தோல் மாதிரி காட்டுவதுதான் அவருடைய வேலை. "ஆன்டிக் ஃபினிஷ்னா ஜெயசீலன்கிட்ட குடு" என்பார்களாம்.

செவ்வாய்க்கிழமை காலை இன்பத்தின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

"எம் பேரு ரஃபத் ஜஹான். ஆம்பூர்லேர்ந்து பேசறேன். உங்க பாட்டு ஒண்ணு, பாலத்துக்குக் கீழேன்னு வருதே, அதை எங்க தம்பி மக போன்ல போட்டுக் காட்டுச்சி. உங்க நம்பரும் அதுலயே இருந்துச்சி. நல்லாருக்குதும்மா. ஆனா அது எங்க பாய்ஜான் மெட்டு. எங்க அண்ணன், அப்துல் கஃபார். மௌத்தாகி ஒம்போது வருஷம் ஆச்சி. வீட்ல அதை முனகினே இருப்பாரு. உங்களுக்கு எப்படி வந்துச்சின்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

யாரோ பேஜார் பண்ணுகிறார்கள் என்று இன்பம் போனைக் கீழே வைத்தாள். வைத்த கையே அதை மறுபடி எடுத்தது. அந்தப் பெண் சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. வேற ஒண்ணும் எனக்கு வேணாம் என்கிறாள். அதுதான் உறுத்தியது.

இன்பம் முப்பத்தொரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் வேலை பார்த்தவள். நோயாளிகளின் ஃபைல்களை எண் பார்த்து அடுக்கி, கேட்டபோது எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே எதற்கும் மன்னிப்பு உண்டு. ஒருவருடைய தாள் இன்னொருவர் ஃபைலில் போவதற்கு மட்டும் கிடையாது. ஊரார் பெயரையெல்லாம் காபந்து பண்ணியவளுக்கு, தன் பெயர் எதன்மேலாவது அச்சாகப் போவது இதுதான் முதல் தடவை. அந்தப் பெயர் தப்பான ஃபைலில் உட்காரப் போகிறதோ?

அன்று மாலையே சத்துவாச்சாரிக்குப் போனாள். கொட்டகையில் ஜெயசீலன் கிதார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். இன்பம் குரல் செய்தியைப் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். 'அப்துல் கஃபார்' என்றதும் கம்பி முறுக்கிய விரல்கள் நின்றன.

"தெரிஞ்சவரா சம்பந்தி?"

"எங்க செக்‌ஷன்தான். நல்ல மனுஷன்."

"பாடுவாரா?"

"தொழிற்சாலையில எல்லாரும்தான் பாடுவாங்க. பாடலன்னா அந்த நாத்தத்துல எப்படி நிக்கறது?" சிரித்துப் பார்த்தார். இன்பம் சிரிக்கவில்லை. "மெட்டு என்னுதுதாங்க. அவங்களுக்கு எதையோ கேட்டா எதுவோ மாதிரி இருக்குது. நம்ம பாட்டைக் கேட்டாலே பழைய பாட்டுன்றாங்க இல்ல? அது மாதிரிதான் இது."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவர் கிதாரைத் தொடவே இல்லை. வால்வு சூடாகிறது, வியாழக்கிழமை பார்க்கலாம் என்றார். இன்பம் ஆம்ப்ளிஃபயரின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

புதன்கிழமை ஜோதிக்குப் போன் செய்தாள்.

"உங்க சம்பந்தியா? கொட்டகையை உள்பக்கமா சாத்திக்கினு இன்னா பண்றாருன்னே தெரியல" என்றாள் ஜோதி. "டீத்தூள் டப்பாவையே தூக்கிட்டுப் போய்ட்டாரு. சோத்துக்குக் கூப்பிட்டா வர்றேன் வர்றேன்றாரு. இஸ்திரிப் பெட்டி வேற உள்ள இருக்குது. நீங்க எதாவது பட்டுப்புடவை கட்டிப் பாடணும்னு சொன்னீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அப்போ ரெண்டு பேருமா சேர்ந்து எதையோ மறைக்கறீங்க" என்று சொல்லி ஜோதி சிரித்தாள். சிரிப்பு அரைகுறையாகத்தான் இருந்தது.

இரவு இன்பம் அந்த ஏழாவது பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். *பாலத்துக்குக் கீழே மணலு ஓடுது, பாலத்துக்கு மேலே பஸ்ஸு நிக்குது* என்று தொடங்குகிற வரிகள் அவளுடையவைதான். பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றுபோன ஒரு மத்தியானம் எழுதியவை. மெட்டு? ஜெயசீலன் ஒருநாள் அதை முழுசாகக் கொண்டுவந்து வைத்தார். மற்ற பாட்டுகளெல்லாம் தட்டுத்தடுமாறி, இருவரும் சண்டை போட்டு, துண்டுதுண்டாகத்தான் வந்தன. இது மட்டும் எங்கேயோ பல வருடம் புழங்கின மாதிரி வழுவழுப்பாக வந்தது. அன்று அதை அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை ஜெயசீலன் அவள் கேட்காமலே ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

"இதைப் பாருங்க. மெட்டை ஸ்வரம் போட்டு எழுதி வச்ச நோட்டு. தேதியைப் பாருங்க, ரெண்டாயிரத்து இருபத்தி மூணு, மார்ச் பன்னெண்டு. வெட்டுனது, திருத்துனது எல்லாம் இருக்குது. அடுத்தவன் மெட்டை எடுத்தவன் இவ்வளவு அடிச்சித் திருத்துவானா?"

இன்பம் நோட்டை வாங்கினாள். அவள் படிக்கவில்லை. தாளைத்தான் பார்த்தாள். விளிம்பை விரலால் நீவினாள், நடுத் தையலைப் பிரித்துப் பார்த்தாள், மூக்கருகில் கொண்டுபோனாள். பழைய தாள் எப்படிப் பழசாகும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் விளிம்பு பழுக்கும், உள்பக்கம் வெளுப்பாகவே கிடக்கும். புரட்டுகிற மூலை மட்டும் அழுக்கேறும். பின் அடித்த இடத்தில் துரு கசியும். இந்த நோட்டோ விளிம்பிலிருந்து தையல் வரைக்கும் ஒரே பழுப்பு. மேகம் மேகமாக, அழகான பழுப்பு. மூலைகள் பதமாகத் தேய்ந்து வளைந்திருந்தன. லேசாக மெழுகு வாசனை. அதற்கும் அடியில் டீ வாசனை.

இரண்டு வருடத்து நோட்டு இப்படி ஆகவே ஆகாது. வெள்ளையாகத்தான் இருக்கும். சும்மா தேதி மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால்கூட அவள் நம்பியிருப்பாள். மனுஷருக்குக் கை நிற்கவில்லை, தொழில் புத்தி. இருபது வருடத்து நோட்டாக ஆக்கிவிட்டார்.

"நல்லாருக்குது சம்பந்தி" என்றாள். "நான் வச்சிக்கட்டுமா?"

"தாராளமா" என்றார் ஜெயசீலன். அவர் விரல்களில் நகக்கண்ணெல்லாம் பழுப்பு.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டுக்குப் பொய் நோட்டு செய்தவர் மற்ற ஆறுக்கும் என்ன செய்திருப்பார்? எத்தனை செத்துப்போனவர்களின் மெட்டுக்குத் தான் வரி எழுதிக் கொடுத்திருக்கிறோம்? சென்னைக்கு எழுதி வைத்த தாள் கைப்பையில்தான் இருந்தது. அதைக் கிழித்து, இசைத்தட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால், இனிமேல் பாட்டும் இல்லை. சம்பந்தி முறை மட்டும் மிஞ்சும். விசேஷத்துக்கு விசேஷம் சிரித்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆம்பூருக்கு பஸ் ஏறினாள். யாருக்கும் சொல்லவில்லை.

விசாரித்துக் கண்டுபிடித்த ரஃபத் ஜஹானின் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாசலுக்கு உள்ளே பாயில் உட்கார்ந்து, ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சாக்கு நிறைய இன்னும் தைக்க வேண்டிய ஜோடிகள். இன்பம் பெயரைச் சொன்னதும் ஏறிட்டுப் பார்த்தாள். ஊசி நிற்கவில்லை.

"கெஞ்ச வந்தீங்களா, மெரட்ட வந்தீங்களா?"

"கேக்க வந்தேன்."

"அதான் போன்ல சொன்னேனே."

"சொன்னீங்க. பாடலியே. உங்க அண்ணன் எப்படிப் பாடுவாரோ அப்படியே பாடிக் காட்டுங்க."

ரஃபத் ஜஹான் சட்டென்று சிரித்தாள். "நல்லா இருக்குதே! நான் பாடுவேன், நீங்க போன்ல பிடிச்சிக்குவீங்க. அப்புறம் எட்டாவது பாட்டு வரும்."

இன்பம் போனை எடுத்து அவள் பக்கத்தில் பாயின்மேல் வைத்தாள். கைப்பையையும் வைத்தாள். பிறகு தானும் பாயில் உட்கார்ந்தாள். முட்டி வலித்தது. ரஃபத் ஜஹான் ஓர் இழை நூலை முடிச்சுப் போட்டு அறுத்தாள். அடுத்த ஜோடியை எடுக்கும்போது, தரையைப் பார்த்துக்கொண்டே முனகத் தொடங்கினாள்.

அந்த மெட்டுதான். சந்தேகமே இல்லை. ஆனால் நாலு தட்டு போனதும் ரஃபத் ஜஹான் நிறுத்தினாள். நாலு தட்டு சும்மா இருந்தாள். மறுபடி முனகினாள். மறுபடி நிறுத்தினாள். மறந்துபோய் நிறுத்தவில்லை. தாளம் பிசகாமல் நிறுத்தினாள்.

"ஏன் நடுவுல நடுவுல விட்டுடறீங்க?"

"நான் எங்க விட்டேன்? அவரு அப்படித்தான் பாடுவாரு. ஓட்டை ஓட்டையா. எங்க அம்மா கூட, 'இன்னாடா கஃபாரு, முழுங்கி முழுங்கிப் பாடறே'ன்னு கிண்டல் பண்ணுவாங்க." ஊசி பிடித்த கையைத் தூக்கிக் காட்டினாள். "விடற எடத்துல கை மட்டும் இப்படிப் போவும். காத்துல எதையோ தொட்டு எடுக்கற மாதிரி. நாங்க எதுக்குன்னு கேட்டதே இல்லை."

இன்பம் அந்தக் கையைப் பார்த்தாள். ஜெயசீலன் எத்தனையோ தடவை சொன்ன தொழிற்சாலைக் கதைகளில் ஒன்று நினைவுக்கு வந்தது. மெஷின் வருவதற்கு முன்னால் சாயம் பூசுவது கையால்தான். பெரிய மேஜையில் மாட்டுத்தோலை விரித்துப் போடுவார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கையில் வெல்வெட் துணி சுற்றிய கட்டை. ஒருவர் தேய்க்கும்போது மற்றவர் கட்டையைச் சாயத்தில் தோய்த்து எடுப்பார். ஒரு நொடி பிசகினாலும் முதுகெலும்பு இருந்த இடத்தில் கோடு விழுந்துவிடும்; அந்தத் தோல் கழிவு. அதனால் பாடிக்கொண்டேதான் தேய்ப்பார்களாம். தேய்க்கிறவர் பாடுவார், தோய்க்கிறவர் சும்மா இருப்பார்.

"போனை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டு எடுத்தாள். ஜெயசீலனின் எண்ணைப் போட்டு, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்தாள். ரஃபத் ஜஹானைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"சொல்லுங்க சம்பந்தி. எங்க இருக்கீங்க? காலையிலேர்ந்து போன் போட்டேன், எடுக்கல. ஜோதிகிட்ட கூட சொல்லாம..."

"ஏழாவது பாட்டு மெட்டைப் பாடுங்க. கிதார் வேணாம். நின்னுக்கினு பாடுங்க, சாயம் பூசற மேஜை எதிர்ல இருக்கற மாதிரி. கைல கட்டை இருக்கற மாதிரி கையை ஓட்டுங்க."

போனில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"எதுக்குங்க இப்போ?"

"பாடுங்கன்னு சொல்றேன் இல்ல?"

ஜெயசீலன் பாட ஆரம்பித்தார். முதல் இரண்டு தடவை மெட்டு முழுசாகத்தான் வந்தது, டேப்பில் இருப்பது மாதிரியே. மூன்றாவது சுற்றில் கை பழக்கம் ஏறியதோ என்னவோ, நாலு தட்டு பாடி நிறுத்தினார். நாலு தட்டு சும்மா இருந்தார். பாடினார். நிறுத்தினார்.

ரஃபத் ஜஹானின் ஊசி நின்றது. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை அவர் நிறுத்தின இடத்தில், அவள் பாடினாள். அவர் எடுத்தார். அவள் நிறுத்தினாள். அவர் நிறுத்தியதும் இவள். ஒரு முழு வரி, எங்கேயும் ஓட்டை இல்லாமல், அந்தச் சந்து வீட்டுக்குள் போய்வந்தது.

பிறகு போனில் பாட்டு அறுந்தது. "யாரு? யாருங்க அது?"

"அப்துல் கஃபார் தங்கச்சி."

"அவரு எடத்துல சரியா வர்றீங்கம்மா" என்றார்.

"அப்போ அவரு எடம் எதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் ரஃபத் ஜஹான். குரலில் இரக்கமே இல்லை. "தெரிஞ்சிக்கினேதான் உங்க ஒருத்தர் பேரைப் போட்டீங்க."

"தெரியும்மா. பதினாறு வருஷம் எதிர் எதிர்ல நின்னோம். மெட்டை யாரு மொதல்ல எடுத்தோம்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அவரா நானா... தெரியல."

"தெரியலன்னு சொல்றது அவ்ளோ கஷ்டமா?"

ரஃபத் ஜஹான் ஊசியைப் பாயில் குத்தி வைத்தாள்.

"கேளுங்க. நினைவாக, அன்புடன், அதெல்லாம் போடக்கூடாது. செத்தவங்களுக்குப் பூ வைக்கிற மாதிரி வேணாம். மெட்டுன்னு போட்டு ரெண்டு பேரு. எங்க பாய்ஜான் பேரு மொதல்ல. ஏன்னா அவரால வந்து கேக்க முடியாது."

"சரிம்மா" என்றது போன்.

கிளம்பும்போது ரஃபத் ஜஹான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். "அந்த ஆளை நம்பறீங்களா?" என்று கேட்டாள். இன்பம் தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை கொட்டகையில் நோட்டு இருவருக்கும் நடுவில் மரப்பெட்டிமேல் கிடந்தது.

"இதை ஏன் செஞ்சீங்க சம்பந்தி?"

ஜெயசீலன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "பாதி அவருதுன்னு சொன்னா, மத்த ஆறுமேலயும் உங்களுக்குச் சந்தேகம் வரும்னு பயந்தேன்."

"இப்போ வரலியா?"

அவர் நோட்டை மரப்பெட்டியின் ஓரத்துக்குத் தள்ளினார். வாசலில் ஜோதி காபியோடு வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டம்ளர்களை வைத்துவிட்டுப் போனாள்.

"எழுந்து நில்லுங்க" என்றாள் இன்பம். "ஆறையும் பாடுங்க. நேத்து பாடின மாதிரியே, கையை ஓட்டிக்கினு."

அறுபத்தாறு வயது மனுஷர், நல்ல உயரம், எழுந்து நின்று, இல்லாத மேஜைக்கு எதிரில் கையை ஓட்டிப் பாடினார். இன்பம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைகளைத் தேடினாள். முதல் பாட்டில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் ஓர் இடத்தில் மூச்சு வாங்கினார். அவள் கண்ணைத் திறந்தாள். வயசான மூச்சுதான், மூடிக்கொண்டாள். நான்காவதில், இரண்டாம் சரணத்தில், நின்றுவிட்டார். இரண்டு தட்டு. மூன்று தட்டு.

"இங்க யாரு?" என்றாள் இன்பம். குரல் அவளுக்கே பிடிக்காத மாதிரி வந்தது. "இங்க எதிர்ல நின்னது யாரு?"

"நீங்கதான்" என்றார் ஜெயசீலன். "இங்க நீங்கதானே எடுப்பீங்க."

இன்பம் யோசித்தாள். அப்படி எடுத்ததாக நினைவில்லை. "டேப்பைப் போடுங்க" என்றாள்.

போட்டார். ஸ்பூல் சுற்றியது, கரகரத்தது, கிதார் உறுமியது. இரண்டாம் சரணம் வந்தது. அவர் விட்ட அதே இடத்தில் அவளுடைய குரல், கொஞ்சம் முன்னதாகவே, அவசரமாக, முரட்டுத்தனமாக நுழைந்தது. அன்று அதற்காக அவர் திட்டியதும், நான் இங்கேதான் வருவேன், இஷ்டமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று தான் எகிறியதும் ஞாபகம் வந்தன.

"இன்னும் ரெண்டு இருக்குது, பாடுங்க" என்றாள். பாடினார். கேட்டாள். ஓட்டை இல்லை.

பிறகு கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். நான்காவது பாட்டுக்கு எதிரே, மெட்டு என்ற இடத்தில் தன் பெயரையும் சேர்த்தாள். ஏழாவதில் ஜெயசீலனின் பெயரை அடித்துவிட்டு, மேலே அப்துல் கஃபார் என்று எழுதி, அதற்குப் பிறகு அவருடைய பெயரை மறுபடி எழுதினாள். போனில் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினாள்.

ஜெயசீலன் நோட்டை எடுக்கக் கையை நீட்டினார். "இதைக் கிழிச்சிப் போட்டுடறேன் சம்பந்தி."

இன்பம் முந்திக்கொண்டு அதைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"வேணாம். என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். "ஆம்ப்ளிஃபயரைப் போடுங்க. வால்வு சூடாவுதான்னு பாக்கலாம்."